வைத்திய மாணாக்கரும் சுயாதீனப் படிப்பும்

திருச்சிராப்பள்ளியில் பெரியமிளகுபாறைப் பகுதியில் 1997-ம் வருஷம் முதல் ஓர் அரசாங்க வைத்தியக் கல்லூரி நடைபெற்று வருகிறது. அதன் மாணாக்கர்கள் நோயாளிகளைக் கண்டு தொழில் பழகும் இடம் புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசாங்க மருத்துவமனை. அக்கல்லூரி முத்தமிழ்க் காவலர் கி. ஆ. பெ. விசுவநாதம் அவர்களுடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. 1899-ம் வருஷம் இவ்வூரில் பிறந்து 1994 வரை வாழ்ந்த அப்பெரியார் முறையாகப் பள்ளிக்கூடம் சென்று தேறியவரல்லர். வியாபாரத்தைக் கவனித்துக்கொண்டே தமிழ்ப் புலவர்களை அடுத்து, கேட்டும் படித்தும் விவாதித்தும் தம்மைத் தாமே கல்விமானாக்கிக் கொண்டவர். பரீட்சைக்குமேல் பரீட்சையாக எழுதித் தேறிய இளைஞர்கள் மட்டுமே நுழையக்கூடிய ஒரு வித்தியாசாலைக்கு, பரீட்சையின் உதவியின்றிக் கற்ற ஒருவருடைய பெயர் வாய்த்திருப்பது விநோதமான பொருத்தமே. அந்தப் பெயர் மாணாக்கர்களைப் பார்த்துத் தினந்தோறும் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நாம் கருதுகிறோம். "பிறர் ஏவாமல் கற்க உங்களுக்குத் தெரியுமா?" என்பதே அக்கேள்வி.

இக்கேள்வி அந்த ஒரு கல்லூரிக்கு மாத்திரம் உரியதன்று. நாடெங்குமுள்ள வைத்தியக் கல்லூரிகள் அனைத்துக்கும் உரியது. நமது அரசியல் ஊழியர்களும் இதைச் செவிமடுக்க வேண்டும். வைத்தியக் கல்லூரி என்றவுடன் நாம் எல்லோரும் கேட்பது எத்தனை இடங்கள், எத்தனை கட்டடங்கள் என்பதே. 2022-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஒரே நாளில் நமது மாகாணத்தில் 11 அரசாங்க வைத்தியக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அதனால் ஏழைப் பிள்ளைகளுக்கு வழி பிறந்தது, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் உள்ளே நுழைந்த பிள்ளை எவ்வாறு கற்கிறான் என்று எத்தனை பேர் விசாரித்தோம்?

சில வாரங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஓர் இளைஞர் கைபேசியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்ததில், மூன்றாம் வருஷ வைத்திய மாணாக்கர் என்று தெரிந்தது. எந்தக் கல்லூரி என்பது இங்கே அவசியமில்லை.

"தம்பி, இன்று படிப்பு எப்படி நடந்தது?" என்று கேட்டோம்.

"ஐந்து மணி நேரம் படித்தேன், ஐயா" என்றார்.

"சந்தோஷம். அந்த ஐந்து மணியில் என்ன தெரிந்துகொண்டீர்கள்?"

இளைஞர் சிறிது நேரம் காவிரியைப் பார்த்தார். பிறகு, "நாற்பது பக்கம் முடித்தேன், ஐயா. என்ன தெரிந்துகொண்டேன் என்று யாரும் இதுவரை கேட்டதில்லை" என்றார்.

அந்த விடை நம்மை வெகுவாகச் சிந்திக்கச் செய்தது. அவர் சோம்பேறியல்லர், புத்திக் குறைவுள்ளவருமல்லர். மணப்பாறைப் பக்கத்துக் கிராமத்தில், அரசாங்கப் பள்ளியில் தமிழில் படித்து, கல்லூரிக்குள் வந்தவர். அவரிடம் உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பைத் தாமே நடத்திச் செல்லும் அதிகாரம் மாத்திரம் அவர் கையில் இல்லை.

இவ்வதிகாரத்தையே நாம் சுயாதீனப் படிப்பு என்கிறோம். உபாத்தியாயர் இல்லாமல் படிப்பது என்பது இதன் பொருளன்று. கல்வி சாஸ்திர நிபுணராகிய அமெரிக்கர் பாரி ஸிம்மர்மன் இதை மூன்று படிகளாக வகுத்துச் சொன்னார். படிக்கத் தொடங்குமுன் எதை, ஏன், எவ்வாறு கற்பது என்று திட்டமிடுதல் முதற்படி. படிக்கும்போது மனம் எங்கே செல்கிறது, பொருள் விளங்குகிறதா என்று தன்னைத் தானே கண்காணித்தல் இரண்டாவது. படித்து முடித்தபின் எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று கணக்குப் பார்த்து, அடுத்த நாளைத் திருத்தி அமைத்தல் மூன்றாவது. கடைக்காரர் இரவில் கல்லாவை எண்ணிக் கணக்கெழுதுவது போன்ற காரியமே இது. கணக்கெழுதாத கடை எவ்வளவு கூட்டமாயிருந்தாலும் லாபமா நஷ்டமா என்று தெரியாது.

வைத்தியருக்கு இது ஏன் இன்றியமையாதது? அவருடைய சாஸ்திரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமும் அமிலமுமே காரணம் என்று வெகுகாலம் போதிக்கப்பட்டு வந்தது. ஆஸ்திரேலிய வைத்தியர்களான பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-ம் வருஷத்தில் ஒரு கிருமியைக் கண்டுபிடித்து, அப்போதனையைத் தலைகீழாக்கினார்கள். 2005-ல் நோபல் பரிசும் பெற்றார்கள். பழைய புத்தகத்தோடு நின்றுவிட்ட வைத்தியரிடம் சென்ற நோயாளி, சில வார மருந்தில் தீரக்கூடிய நோயை வருஷக்கணக்கில் சுமந்திருப்பான்.

இன்னும் அண்மையில், 2020-ம் வருஷத்தில், கொரோனா நோய் வந்தபோது அதற்குப் பாடப்புத்தகமே கிடையாது. அவ்வருஷம் ஜூன் மாதத்தில் இங்கிலாந்தில் நடந்த பெரிய பரிசோதனை ஒன்று, பிராணவாயு தேவைப்படும் நோயாளிகளின் மரணத்தை டெக்ஸாமெதஸோன் என்னும் மலிவான மருந்து குறைக்கிறது என்று காட்டியது. அதே பரிசோதனை, பெரிதும் பேசப்பட்ட ஹைட்ராக்ஸிகுளோரோக்வின் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குப் பயன் தரவில்லை என்றும் காட்டியது. குணமானவர்களின் இரத்தத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்மாவுக்காக நம் நாட்டில் குடும்பங்கள் தெருத்தெருவாக அலைந்தன. இந்திய வைத்திய ஆராய்ச்சி மன்றத்தின் பரிசோதனை அதனால் பயனில்லையென்று காட்டியிருந்தது. 2021-ம் வருஷம் மே மாதத்தில் சிகிச்சை விதிகளிலிருந்தும் அது நீக்கப்பட்டது. அந்நாட்களில் ஆதாரத்தைத் தேடிப் படித்து, சீர்தூக்கிப் பார்த்து, தம் கருத்தை மாற்றிக்கொண்ட வைத்தியரும் இருந்தார். வதந்தியைப் பின்பற்றியவரும் இருந்தார். இருவரும் ஒரே பட்டத்தைப் பெற்றவர்களே. படிப்பின் தன்மையில்தான் வித்தியாசம்.

அரசாங்கத்தாரும் இதை உணராமலில்லை. 2019-ம் வருஷத்தில் இந்திய மெடிக்கல் கவுன்ஸில் புதிய பாடத்திட்டத்தைக் கொணர்ந்தது. இந்திய வைத்தியப் பட்டதாரி சிகிச்சையாளராகவும், தலைவராகவும், நன்கு பேசிப் புரியவைப்பவராகவும், ஆயுள் முழுவதும் கற்பவராகவும், தொழில் தர்மம் உடையவராகவும் விளங்க வேண்டும் என்று அது விதித்தது. சுயமாகக் கற்பதற்கென்றே மணிநேரங்களும் ஒதுக்கப்பட்டன. 2020-ல் அக்கவுன்ஸிலின் இடத்திற்கு வந்த தேசிய மருத்துவ ஆணையமும் அதே கொள்கையைத் தொடர்கிறது. ஆயினும் காகிதத்தில் உள்ள சுதந்திரம் மாணாக்கரின் அறைக்குள் வந்து சேரவில்லை. வழியில் நிற்கும் தடைகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதல் தடை, அவர்கள் வந்த பாதை. வைத்தியக் கல்லூரிக்குள் நுழைய ஒரு மாணவன் 180 கேள்விகளுக்கு 3 மணி நேரத்தில் விடையளிக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் முன்னமே அச்சிடப்பட்டிருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே அவன் வேலை. இதற்காக ஓரிரு வருஷம் பயிற்சி நிலையங்களில், காலை முதல் இரவு வரை மணியடித்தபடி படிக்கிறான். எதைப் படிப்பது, எவ்வளவு படிப்பது, எப்போது தூங்குவது என்பதையெல்லாம் பிறர் தீர்மானிக்கிறார்கள். பிறகு பதினெட்டு வயதில் விடுதி அறை ஒன்றில் அவனைத் தனியே விட்டு, "இனி நீயே உன்னை நடத்திக்கொள்" என்கிறோம். நீச்சல் தெரியாதவனைக் கொள்ளிடத்து வெள்ளத்தில் தள்ளிவிட்டு, நீந்தவில்லையே என்று கடிந்துகொள்வது நியாயமா?

இரண்டாவது தடை, அவர்கள் செல்லும் பாதை. பட்டம் பெற்றபின் மேற்படிப்புக்கு 200 கேள்விகள் கொண்ட மற்றொரு பரீட்சை காத்திருக்கிறது. நிபுணரானாலன்றி மதிப்பில்லை என்ற எண்ணம் நாட்டில் வேரூன்றிவிட்டபடியால், மூன்றாம் வருஷம் முதலே மாணாக்கரின் கண் அப்பரீட்சையின் மேல் இருக்கிறது. கட்டிலருகே நின்று நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டிய நேரத்தில், இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும் காணொளிப் பாடம் காதில் ஒலிக்கிறது. நோயாளியோ நான்கு விடைகளை அச்சிட்டுக்கொண்டு வருவதில்லை. "நெஞ்சு என்னவோ பண்ணுது, சாமி" என்று சொல்லிக்கொண்டு வருகிறான். அந்த "என்னவோ" என்ற சொல்லிலிருந்து நோயைக் கண்டுபிடிப்பதே வைத்தியம்.

மூன்றாவது தடை, படித்துவிட்டோம் என்னும் மயக்கம். இதை நாம் சொந்த அநுபவத்தில் அறிவோம். 1860-ம் வருஷத்து இந்தியன் பீனல் கோடு 2024-ம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதியன்று பாரதீய நியாய சம்ஹிதைக்கு இடம் கொடுத்து விலகியது. இருபது வருஷம் வக்கீல் தொழிலில் பழகிய எண்களெல்லாம் ஒரே நாளில் மாறின. கொலைக்குரிய 302 இப்போது 103 ஆகிவிட்டது. நாம் புதிய சட்டத்தை மூன்று இரவுகள் மஞ்சள் மை கொண்டு கோடிட்டுப் படித்தோம். பக்கங்கள் எல்லாம் பழக்கமான முகங்களாகத் தோன்றின. நான்காம் நாள் காலையில் நமது ஜூனியர் சாதாரணமான ஒரு கேள்வி கேட்டார். புத்தகத்தைத் திறக்காமல் நம்மால் பதில் சொல்லக்கூடவில்லை. பழக்கத்தை அறிவு என்று நாம் எண்ணியிருந்தோம்.

இம்மயக்கத்தை ஆராய்ச்சியாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ரோடிகரும் கார்பிக்கியும் 2006-ம் வருஷத்தில் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணாக்கர் ஐந்து நிமிஷத்திற்குப் பின் கேட்டபோது முன்னணியில் நின்றனர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, படித்தபின் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னணியில் நின்றனர். 2013-ல் டன்லாஸ்கி முதலியோர் பத்துவிதப் படிப்பு முறைகளை ஒப்பிட்டபோது, கோடிடுவதும் மறுபடி படிப்பதும் குறைந்த பயனுள்ளவை என்றும், தன்னைத் தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மிகுந்த பயனுள்ளவை என்றும் கண்டனர். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் முதல் நாள் பாடத்தை மறுநாள் காலையில் ஒப்பிக்கச் சொன்னாரல்லவா? அவர் பிரம்பு வேண்டாம். ஆனால் மறுநாள் கேட்கும் அவ்வழக்கத்தில் விஷயம் இருந்தது. இன்று அதை மாணாக்கர் தமக்குத் தாமே செய்துகொள்ள வேண்டும். இதை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதே குறை.

நான்காவது தடை, பயம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவதே சுயாதீனப் படிப்பின் தொடக்கம். ஆனால் வார்டு ஊர்வலத்தில், நோயாளிகளுக்கும் தாதியருக்கும் முன்னிலையில், தெரியாது என்ற மாணாக்கரை இகழும் வழக்கம் பல இடங்களில் இன்னும் ஒழியவில்லை. ஒரு முறை தலைகுனிந்தவர் மறுமுறை தம் அறியாமையை மறைக்கக் கற்றுக்கொள்கிறார். மறைத்த அறியாமை பட்டத்தோடு கூடவே வெளியேறி, நோயாளியின் வீட்டுக்குச் செல்கிறது. வைத்தியர்கள் தம் திறமையைத் தாமே மதிப்பிடுவது பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து, அமெரிக்க மெடிக்கல் அசோசியேஷன் பத்திரிகை 2006-ல் வெளியிட்டது. திறமை குறைந்தவர்களும் தன்னம்பிக்கை மிகுந்தவர்களுமே தம்மை மிகத் தவறாக மதிப்பிடுகிறார்கள் என்பது அதன் முடிவுகளில் ஒன்று. ஆகவே, தன்னை எடைபோடுவதற்கும் பிறருடைய நேர்மையான, அன்பான சொல் வேண்டும். இகழ்ச்சி அந்த எடைக்கல்லையே திருடிவிடுகிறது.

ஐந்தாவது தடை, பாஷை. அரசாங்கப் பள்ளி மாணாக்கருக்கு 7.5 சதவிகித இடங்களை ஒதுக்கி 2020-ம் வருஷத்தில் நமது மாகாணம் சட்டம் செய்தபின், தமிழில் படித்த பிள்ளைகள் பலர் உள்ளே வந்திருக்கிறார்கள். இது நாம் பெருமை கொள்ளத்தக்க காரியம். ஆனால் லத்தீனும் கிரேக்கமும் கலந்த ஆங்கிலப் புத்தகத்தின் முன் அவர்கள் முதல் வருஷம் முழுவதும் திகைக்கிறார்கள். பொருளைச் சிந்திக்க வேண்டிய மனம் சொல்லைக் கடப்பதிலேயே களைத்துவிடுகிறது. விளங்காததை மனப்பாடம் செய்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி என்ன? தமிழில் வைத்தியம் கற்பிக்க முடியாதென்று சொல்லுவோர் யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்கட்டும். 1847-ல் அங்கே வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தை முதலில் ஆங்கிலத்திலும், 1860-க்குப் பின் தமிழிலேயும் கற்பித்தார். உடற்கூறு, இரண சிகிச்சை முதலிய நூல்களைத் தமிழில் கொணர்ந்தார். ஆங்கிலத்தை அகற்றும்படி நாம் சொல்லவில்லை. உலக ஆராய்ச்சிகளைப் படிக்க அது வேண்டும். முதல் வருஷத்தில் தமிழில் விளக்கமும், கேள்வியைத் தமிழில் கேட்கும் உரிமையும் இருக்கட்டும் என்கிறோம். நோயாளி பேசப்போவதும் தமிழ்தானே?

ஆறாவது தடை, காலமும் உடலும். வகுப்பு, செய்முறை, வார்டு, பதிவேடு என்று பொழுது துண்டு துண்டாகிறது. ஒதுக்கிய சுயபடிப்பு மணியிலும் பாக்கி நின்ற பிரசங்கம் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. கற்றதைச் சிந்தித்து எழுதவேண்டிய குறிப்பேடு, கையெழுத்து வாங்கும் முந்திய இரவில் நண்பருடையதைப் பார்த்து நிரப்பப்படுகிறது. மீதி நேரத்தைக் கைபேசி தின்கிறது. உபாத்தியாயர்களையும் நாம் குற்றம் சொல்ல மாட்டோம். வெளி நோயாளிகளின் கூட்டத்துக்கிடையே அவர்கள் கற்பிக்கிறார்கள். கற்பிக்கும் கலைக்காக அவர்களுக்கு ஓய்வும் இல்லை, பாராட்டும் இல்லை.

இனிப் பரிகாரம் யாது? பெரும் பொருட்செலவு வேண்டிய காரியம் எதையும் நாம் கேட்கவில்லை.

மாணாக்கர் செய்யக்கூடியது இது: ஒவ்வொரு நாளும் புத்தகத்தைத் திறக்குமுன் இன்று எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். மூடியபின் பார்க்காமல் அரைப்பக்கம் எழுதுங்கள். எழுத முடியாமற்போன பகுதியே நாளைய பாடம். தினம் ஒரு நோயாளியைப் பற்றி, அவரிடம் நான் புரிந்துகொள்ளாதது எது என்று குறித்துவையுங்கள். வாரம் ஒருநாள் நான்கு நண்பர்கள் கூடி, ஒருவரை ஒருவர் கேள்வி கேளுங்கள்.

உபாத்தியாயர் செய்யக்கூடியது, "எனக்கும் இது தெரியாது, இன்றிரவு படித்துவிட்டு நாளை சொல்லுகிறேன்" என்று மாணாக்கர் முன்னிலையில் ஒருமுறை சொல்லுவது. நூறு பிரசங்கங்களைவிட அது அதிகம் கற்பிக்கும். அரசாங்கமும் சர்வகலாசாலையும் செய்யக்கூடியது, முதல் மாதத்திலேயே கற்கும் முறையைக் கற்பிப்பதும், சுயபடிப்பு மணியைப் பிறர் ஆக்கிரமிக்காமல் காப்பதும், நோயாளியின் அருகே மாணாக்கர் சிந்திப்பதற்கும் மதிப்பெண் அளிப்பதுமாம்.

ஸ்ரீரங்கம் வாசிகளுக்கு இவை புதியவையல்ல. அரங்கநாதர் ஆலயத்துக்குள்ளேயே ஆரோக்கிய சாலையும் தன்வந்திரி சந்நிதியும் அமைந்து, நோயாளிகளைக் கவனித்த ஊர் இது. இவ்வூரில் 1880-ம் வருஷம் பிறந்தவரே டாக்டர் தி. சே. சௌ. ராஜன். ராயபுரம் வைத்தியப் பள்ளியில் தேறி, பர்மாவில் தொழில் செய்து சம்பாதிக்கத் தொடங்கிய அவர், அத்துடன் திருப்தியடையவில்லை. 1907-ம் வருஷம் இங்கிலாந்து சென்று மறுபடியும் மாணாக்கரானார். பின்னர் திருச்சியில் வைத்தியம் செய்தார். 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் வேதாரணிய உப்பு யாத்திரை புறப்பட்டது அவருடைய வீட்டிலிருந்துதான். 1937-ல் சென்னை மாகாணத்தின் சுகாதார மந்திரியுமானார். கையில் பட்டமும் பையில் பணமும் இருக்கும்போது, தனக்கு இன்னும் போதவில்லை என்று உணர்ந்து புறப்படுகிற அந்த மனத்தை எந்தப் பரீட்சையும் கொடுப்பதில்லை.

படித்துறையில் நாம் கண்ட இளைஞர் விடைபெற்றுச் செல்லுமுன், "நாளை நாற்பது பக்கம் வேண்டாம், ஐயா. பத்துப் பக்கம் படித்து, மூடிவிட்டு எழுதிப் பார்க்கிறேன்" என்றார். மூன்று வருஷங்களில் அவர் ஏதோ ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், இரவு வேளையில், யாதொரு துணையுமின்றி ஒரு தாயின் முன்போ குழந்தையின் முன்போ நிற்பார். அப்போது மணியடிக்க ஆளிராது. நான்கு விடைகளும் அச்சாகியிரா. தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அறிந்த வைத்தியர் வேண்டிய உதவியைத் தக்க சமயத்தில் தேடுவார். அறியாதவர் தயங்காமல் தவறு செய்வார். அந்தத் தாயும் குழந்தையும் யாருடைய தாய், யாருடைய குழந்தை என்று நாம் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும். நமது ஊழியர்கள் அடுத்த முறை வைத்தியக் கல்லூரியைப் பற்றி மேடையில் பேசும்போது, இடங்களின் எண்ணிக்கையோடு இதையும் சேர்த்துக் கேட்பார்கள் என்று நம்புகிறோம்.